நாலுபட்டை, எட்டுப்பட்டை, உருட்டு

பங்காருப்பேட்டையில் பிரிந்து வரும் ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. கோலார் தங்க வயலின் சுரங்கங்களுக்காக 1894-ல் போட்ட பாதை அது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால்வைத்ததிலிருந்து 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டதுவரை இந்த ஊரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தங்கத்தைச் சுற்றியே இருந்தது. தங்கம் எடுக்க மரமும் வேண்டும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பாறை இறங்காமலிருக்க முட்டு, ஏறி இறங்க ஏணி, சம்மட்டிக்கும் குந்தாலிக்கும் பிடி. சுரங்கத்துக்கு வெளியே வந்தால் லைன் வீட்டுக் கூரைக்குக் கழி, மாவு இடிக்க உலக்கை.

இந்தப் பட்டியலில் உள்ள உலக்கையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கலாம். மரக்கடையில் வாங்கும் கட்டை சதுரமாக இருக்கிறது. ரம்பத்துக்கு நேராக அறுக்க மட்டும்தான் தெரியும். ஆசாரியின் பையைத் திறந்தால் இழைப்புளி தட்டை, உளி தட்டை, மூலமட்டம் நேர்க்கோடு. வளைந்த வாய் உள்ள உளி ஒன்றிரண்டு இருக்கலாம். அது குழி தோண்டவும் பூ செதுக்கவும் ஆகுமே தவிர, எட்டடி நீளத்துக்கு ஒரே சீராக உருட்ட உதவாது. இத்தனை நேர்க்கோடுகளுக்கு நடுவில் உருண்டை எங்கிருந்து வந்தது?

"கடைசல் பட்டறை இருக்கிறதே" என்று நீங்கள் சொல்லலாம். பெங்களூர் - மைசூர் சாலையில் உள்ள சன்னபட்டணத்தில் பொம்மை செய்கிறவர்கள் வெப்பாலை மரத்தைக் கடைசலில் சுழலவிட்டு உளியைச் சும்மா காட்டினால் போதும், மரம் தானாக வட்டமாகும். சின்னப் பொம்மைக்கு அது சரி. ஓர் ஆள் உயரத்துக்கு மேலான தூணை, தூக்கவே நாலு பேர் வேண்டிய கட்டையை, கையால் சுழற்றும் பட்டறையில் ஏற்ற முடியாது. கடைசலில் ஏற்றும் சின்னக் கட்டைக்குக்கூட முதலில் முனைகளைத் தட்டி எடுத்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் சுழலும் மூலை உளியைப் பிடித்து எறியும். ஆக, மூலையை என்ன செய்வது என்ற கேள்வி எங்கே போனாலும் விடுவதில்லை.

வட்டம் தொட்டுக்கொண்டிருக்கும் நாலு கோடுகள்

24 சென்டிமீட்டர் சதுரமும் 2.4 மீட்டர் நீளமும் உள்ள ஒரு தேக்குக் கட்டையை எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முழுக்க இந்த ஒரே கட்டைதான். இதிலிருந்து கிடைக்கக்கூடிய மிகப் பருமனான உருட்டுத் தூணின் குறுக்களவு 24 சென்டிமீட்டர்.

கட்டையின் வெட்டுமுகத்தில் அந்த வட்டத்தை வரைந்து பாருங்கள். அது சதுரத்தின் நாலு பக்கங்களையும் சரியாக நடுவில் தொடும். அதாவது, கட்டையின் ஒவ்வொரு பக்கத்திலும் நட்டநடுவே நூல் பிடித்துக் கோடு அடித்தால், அந்த நாலு கோடுகளும் வரப்போகும் தூணின் மேற்பரப்பில் இப்போதே இருக்கின்றன. இனி அவற்றின் மேல் உளி படவே கூடாது. வேலையெல்லாம் மூலைகளில்தான். உருட்டுவது என்றால் வளைப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆசாரி எதையும் வளைப்பதில்லை, மூலையைக் கழிக்கிறார். கழித்த இடத்தில் ஒரு புதிய தட்டை வருகிறது. தச்சில் அதற்குப் பட்டை என்று பெயர். சரியாகக் கழித்திருந்தால் அந்தப் புதிய பட்டையின் நடுக்கோடும் தூணின் மேற்பரப்பில் விழும். நாலு கோடு எட்டாகும், எட்டு பதினாறாகும்.

தட்டையாகவே போவதற்கு மரமும் ஒரு காரணம். மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நாரோடு ஒட்டி இழைப்புளி ஓட்டினால் சீவல் சுருள் சுருளாக வரும். குறுக்கே வளைத்து வெட்டினால் நார் பிய்யும். கண்ணுக்கும் இதுவே வசதி. எட்டடி நீளத்துக்கு வட்டம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது யாராலும் ஆகாது. இரண்டு கோடுகளுக்கு நடுவே தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. பெரிய கணக்கை ஆசாரி இப்படிச் சின்னச் சின்ன, சரிபார்க்கக்கூடிய வேலைகளாக உடைத்துவிடுகிறார்.

கவராயம் வைத்து எட்டு

முதல் கழிப்பு எவ்வளவு? சும்மா கைக்குத் தோன்றியபடி மூலையை வெட்டினால் நாலு பட்டை அகலமாகவும் நாலு பட்டை குறுகலாகவும் போய்விடும்.

கவராயம் கையில் இருந்தால் வழி சுலபம். கட்டையின் வெட்டுமுகத்தில் மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தால் மையம் கிடைக்கும். கவராயத்தின் முள்ளை ஒரு மூலையில் ஊன்றி, மறுமுனையை மையம்வரை விரிக்க வேண்டும். விரித்தது விரித்தபடி இருக்க, அந்த மூலையில் கூடும் இரண்டு பக்கங்களிலும் ஒவ்வொரு குறி. நாலு மூலைக்கும் இப்படிச் செய்தால் எட்டுக் குறிகள். மூலைக்கு அருகே உள்ள குறிகளை இணைத்தால் எல்லாப் பக்கமும் சமமான எட்டுப்பட்டை.

இது ஏன் பலிக்கிறது? மூலை, மையம், குறி மூன்றையும் இணைத்து ஒரு முக்கோணத்தை மனத்தில் போடுங்கள். மூலையிலிருந்து மையத்துக்கும் குறிக்கும் ஒரே தூரம், ஏனென்றால் கவராயம் அசையவில்லை. மூலையில் உள்ள கோணம் 45 பாகை. மீதி 135 பாகையை மற்ற இரண்டு கோணங்களும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொள்ளும், ஆளுக்கு 67.5. ஆக, மையத்தில் நின்று பார்த்தால் மூலைக்கும் குறிக்கும் நடுவே 67.5 பாகை. மூலைக்கும் பக்கத்தின் நட்டநடுவுக்கும் 45 பாகைதான். அப்படியானால் குறி நடுவைத் தாண்டி 22.5 பாகை தள்ளி விழுந்திருக்கிறது. அதே பக்கத்தின் மறு மூலையிலிருந்து வரும் குறி நடுவுக்கு இந்தப் பக்கம் 22.5 தள்ளி விழும். இரண்டும் சேர்ந்து 45 பாகை. முழுச் சுற்றான 360-ல் சரியாக எட்டில் ஒரு பங்கு. பள்ளிக்கூடத்து வடிவியலில் இவ்வளவு சுத்தமாக வந்து உட்காரும் விடைகள் குறைவு.

நம் கட்டையில் மூலையிலிருந்து கழிக்க வேண்டிய தூரம் 7.03 சென்டிமீட்டர் என்று வரும். நடுவில் மிஞ்சுவது 9.94.

ஏழு, பத்து, ஏழு

இந்த எண்களைப் பாருங்கள்: 7.03, 9.94, 7.03. கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டால் 7, 10, 7. கூட்டினால் 24.

உலகத்தின் பல துறைமுகங்களில் பாய்மரம் செதுக்குகிறவர்கள் இந்த மூன்று எண்களைத்தான் கையில் வைத்திருக்கிறார்கள். கவராயமோ மையமோ வேண்டாம். 24 பாகம் பிரித்த ஒரு கோலைக் கட்டையின் பக்கத்தின் மேல் குறுக்கே சாய்த்து வைப்பார்கள். கோலின் ஒரு நுனி இந்த விளிம்பிலும் மறு நுனி அந்த விளிம்பிலும் படுகிற மாதிரி. 7-லும் 17-லும் பென்சிலால் குறி. வேலை முடிந்தது. கட்டை 24 சென்டிமீட்டர் அகலம் என்றால் கோல் நேர்க்குறுக்காக இருக்கும். 20 சென்டிமீட்டர் என்றால் கொஞ்சம் சாய்வாக, 15 என்றால் இன்னும் சாய்வாக. எவ்வளவு சாய்த்தாலும் விகிதம் மாறாது, ஏனென்றால் இணையான இரண்டு விளிம்புகளுக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் கோலில் எந்தப் பங்கில் குறி வைத்தாலும், அகலத்திலும் அதே பங்கில்தான் விழும்.

இதன் அழகு நுனி சிறுத்துக்கொண்டே போகும் மரத்தில் தெரியும். பாய்மரம் அடியில் பருமன், நுனியில் ஒல்லி. ஒவ்வோர் அடிக்கும் அளந்து கணக்குப் போட்டால் பொழுது போய்விடும். கோலின் இரண்டு நுனியிலும் ஓர் ஆணி, 7-லும் 17-லும் பென்சில். ஆணிகள் இரண்டும் விளிம்பை உரசும்படி கோலைத் திருகிப் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை இழுத்துக்கொண்டே போனால் போதும். மரம் ஒடுங்க ஒடுங்கக் கோல் தானாகச் சாய்ந்துகொள்ளும். பென்சில்கள் தாமாக நெருங்கும். வகுத்தல் கணக்கை ஒரு மரத்துண்டு செய்கிறது. கால்குலேட்டரை விட எனக்கு இந்தக் கோல்மேல் மரியாதை அதிகம். இதற்கு பேட்டரி தீராது.

எண்கள் எவ்வளவு துல்லியம்? மூலையில் வெட்டி எடுக்கும் முக்கோணத்துக்கு இரண்டு பக்கம் 7, 7. புதிய பட்டையின் அகலம் அதன் சாய்வுப் பக்கம். எட்டுப்பட்டை சரியாக இருக்க அது 10 ஆக வேண்டும். ஏழேழு நாற்பத்தொன்பது, இரண்டு முறை 98. பத்துப்பத்து 100. 98-ம் 100-ம் ஒன்றல்ல, ஆனால் பக்கத்து வீடு. நம் கட்டையில் நாலு பட்டை 10 சென்டிமீட்டராகவும் நாலு பட்டை 9.9 சென்டிமீட்டராகவும் வரும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம்.

இதைவிட நல்ல முழு எண்கள் உண்டா? 12, 17, 12 இருக்கிறது. பன்னிரண்டின் வர்க்கம் இரண்டு மடங்கு 288, பதினேழின் வர்க்கம் 289. ஆறு மடங்கு துல்லியம். ஆனால் கூட்டுத்தொகை 41, அப்படிப் பிரித்த அளவுகோல் யார் கையிலும் இல்லை. முழுக்கச் சரியாக அமையும் முழு எண்கள் கிடைக்கவே கிடைக்காது. சதுரத்தின் பக்கமும் மூலைவிட்டமும் எந்த முழு எண் விகிதத்துக்கும் கட்டுப்படாதவை. வேள்வி மேடைக்குக் கயிறு பிடித்த சுல்ப சூத்திரக்காரர்கள் 577-க்கு 408 என்ற விகிதம்வரை போயிருக்கிறார்கள். அதுவும் நெருக்கம்தான், சமமல்ல.

24 என்பது கைக்கு வாகான எண் என்பதுதான் இங்கே முக்கியம். பழைய இங்கிலீஷ் தச்சர்களின் இரண்டடி ஸ்கேலில் 24 அங்குலம். நம் சிற்ப நூல்களில் ஒரு முழத்துக்கு 24 விரல். நம் ஸ்தபதிகள் 7-லும் 17-லும் குறி வைத்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. வைக்க நினைத்திருந்தால் கோல் தயாராக இருந்தது, அவ்வளவுதான்.

ஒரு மில்லிமீட்டர் பிழையைப் பற்றி ஆசாரி கவலைப்பட மாட்டார். அவர் பென்சில் கோடே அரை மில்லிமீட்டர் தடிமன். மரமும் சும்மா இருக்காது. காயும்போது அது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பச்சை மரத்தில் அச்சு அசலாக வட்டம் செதுக்கி வைத்தால் ஒரு கோடை கழிந்ததும் அது முட்டை வடிவமாகியிருக்கும்.

சிராயை நிறுத்துப் பார்த்தால்

எட்டு வந்தாயிற்று. பதினாறுக்குப் போக வேறு கணக்கு வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் சுவாரசியம். ஒவ்வொரு பட்டையையும் நாலாக மடித்த தாள் மாதிரி நினைத்துக்கொண்டு, இரண்டு ஓரத்திலிருந்தும் கால் பங்கில் கோடு போட்டு, கோட்டுக்குக் கோடு முனையைக் கழித்தால் பதினாறு. துல்லியமாகப் பார்த்தால் நூற்றுக்கு 26 பங்கில் போட வேண்டும். 25 என்று போட்டால் ஒரு மில்லிமீட்டர்தான் பிசகும். அடுத்து 32-க்குப் போகும்போது சரியான பங்கு 25.2. அதற்கப்புறம் கால் பங்கை இன்னும் ஒட்டிக்கொள்ளும். முதல் கழிப்பு மட்டும்தான் தனி ரகம், அதற்கு 29.3. அதனால்தான் அதற்கு மட்டும் கவராயமும் ஏழு-பத்து-ஏழும் தேவைப்படுகின்றன.

இப்போது தரையில் விழுந்த மரத்தைப் பார்ப்போம். தேக்கு ஒரு கன மீட்டர் சுமார் 650 கிலோ. நம் கட்டை ஏறக்குறைய 90 கிலோ. சதுரத்திலிருந்து வட்டத்துக்குப் போகும் வழியில் மொத்தம் 19.3 கிலோ கழிகிறது. எட்டுப்பட்டை ஆக்கும்போது 15.4 கிலோ. பதினாறு ஆக்கும்போது சுமார் 3 கிலோ. முப்பத்திரண்டுக்கு 700 கிராம். அங்கிருந்து வட்டத்துக்கு 230 கிராம்.

கழிவில் நூற்றுக்கு எண்பது முதல் அடியிலேயே போய்விடுகிறது! ஒரு முனைக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். முதலில் நாலு முனை, முனைக்கு 3.9 கிலோ. பிறகு எட்டு முனை. முனைக்கு 370 கிராம். பிறகு பதினாறு முனை; முனைக்கு 43 கிராம். கடைசியில் முப்பத்திரண்டு முனை. முனைக்கு 7 கிராம். ஒவ்வோர் அடியிலும் முனைகள் இரண்டு மடங்காகின்றன, முனைக்குப் போகும் மரம் எட்டில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்குகிறது.

ஆசாரி கருவிகளை எடுக்கும் வரிசை இதுவேதான். முதலில் வாச்சி, முனைக்கு நாலு கிலோவை வேறெதனால் எடுப்பது? அடுத்தது பெரிய இழைப்புளி. அப்புறம் சின்ன இழைப்புளி, உளியை மயிரிழை அளவு மட்டும் வெளியே தள்ளி. கடைசியில் உப்புத்தாள். கணித வகுப்பில் இப்படி அடிக்கு அடி ஒரே விகிதத்தில் சுருங்கும் எண்வரிசையை "பெருக்குத் தொடர்" என்பார்கள். அதைப் படிக்காதவர் பையிலும் அது கருவிகளாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது.

எங்கே நிறுத்துவது? துருத்தி நிற்கும் முனையின் உயரத்தைக் கேட்டால் பதில் கிடைக்கும். சதுரத்தில் மூலை வட்டத்துக்கு வெளியே 50 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. எட்டுப்பட்டையில் 10. பதினாறில் 2.4. முப்பத்திரண்டில் 0.6 மில்லிமீட்டர். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே உள்ள முனையை உப்புத்தாள் பார்த்துக்கொள்ளும்; அதற்குப் போய் அறுபத்து நாலு பட்டை கோடு போடுவது வீண் வேலை.

வராகமிகிரர் பட்டியல்

ஆறாம் நூற்றாண்டில் உஜ்ஜயினியில் வாழ்ந்த வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் வீடு கட்டுவதைச் சொல்லும் இடத்தில் தூண்களை வகைப்படுத்துகிறார். சதுரத் தூண் ருசகம். எட்டுப்பட்டை வஜ்ரம். பதினாறு பட்டை துவிவஜ்ரம். முப்பத்திரண்டு பட்டை பிரலீனகம். அதற்கடுத்து விருத்தம், அதாவது உருட்டு.

நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, வட்டம். ஆறுபட்டையும் பத்துப்பட்டையும் பன்னிரண்டு பட்டையும் இந்த வரிசையில் இல்லை. அலங்காரத்துக்காக வகை சொல்பவர் என்றால் ஆறை விட்டிருக்க மாட்டார். என் கணிப்பில் இது செதுக்கும் பட்டறையிலிருந்து வந்த வரிசை. ஒரே கட்டையை வேலை செய்துகொண்டே போகும்போது எந்த அடியில் நிறுத்தினாலும் அது ஒரு தூண். நிறுத்திய இடத்துக்கு ஒரு பெயர். முப்பத்திரண்டுக்கு மேல் பெயர் இல்லாததற்கும் காரணம் அந்த 0.6 மில்லிமீட்டர்தான் என்று நினைக்கிறேன்.

வராகமிகிரருக்கு எண்ணூறு வருஷம் முன்பு, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், சைரக்கூஸ் நகரத்து ஆர்க்கிமிடீஸ் மரமும் வாச்சியும் இல்லாமல் இதையே செய்தார். வட்டத்துக்கு வெளியே அதைத் தொட்டுக்கொண்டு நிற்கும் பலகோணம் ஒன்றும் உள்ளே அடங்கிய பலகோணம் ஒன்றும் வரைந்து, பக்கங்களை இரட்டித்துக்கொண்டே போய், வட்டத்தின் சுற்றளவை இரண்டுக்கும் நடுவே நெருக்கினார். அவர் ஆறில் தொடங்கி 12, 24, 48 என்று 96 பக்கம்வரை போனார். பள்ளியில் நாம் மனப்பாடம் செய்யும் 22/7 அவர் வெளியிலிருந்து நெருங்கிக் கண்ட எல்லை.

ஆசாரியிடம் வெளிப் பலகோணம் மட்டும் இருக்கிறது. உள்ளிருந்து வெளியே வர மரத்தை ஒட்டவைக்க முடியாதே. நம் கட்டையைச் சுற்றி ஒவ்வோர் அடியிலும் ஒரு கயிற்றை இறுக்கிச் சுற்றி அளந்தால் சதுரத்துக்கு 96 சென்டிமீட்டர், எட்டுப்பட்டைக்கு 79.5, பதினாறுக்கு 76.4, முப்பத்திரண்டுக்கு 75.6. வட்டத்துக்கு 75.4. கடைசி இரண்டுக்கும் நடுவே இரண்டரை மில்லிமீட்டர்கூட இல்லை. 75.6-ஐ 24-ஆல் வகுத்தால் 3.15 வரும். ஆரியபட்டர் கி.பி. 499-ல் சொன்ன 62832-க்கு 20000 என்ற விகிதம் 3.1416. முப்பத்திரண்டு பட்டைத் தூணும் ஒரு கயிறும் அதன் வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிடுகின்றன.

படிக்கட்டு ஏமாற்றும்

இங்கே ஒரு குறுக்குக் கேள்வி. மூலையைச் சாய்வாகக் கழிப்பதற்குப் பதிலாகப் படி படியாக வெட்டினால்? மூலையில் ஒரு சதுர நறுக்கை எடுத்துவிடுங்கள். அங்கே ஒரு மூலைக்குப் பதில் இரண்டு மூலை, நடுவே ஒரு உள்மூலை. அவற்றிலும் சின்ன நறுக்கு. இப்படியே வட்டத்தைத் தொடும்வரை போனால் கண்ணுக்கு அது வட்டமாகத்தான் தெரியும். நறுக்குகளைப் பொடியாக்கிக்கொண்டே போனால் எடையும் வட்டத் தூணின் எடையை நெருங்கிவிடும்.

ஆனால் ஒவ்வொரு படியிலும் இறங்கி ஏறும்படி ஒரு நூலை ஒட்டி அளந்து பாருங்கள்: 96 சென்டிமீட்டர். முதலில் இருந்த சதுரத்தின் சுற்றளவு அப்படியே! எத்தனை ஆயிரம் படி வெட்டினாலும் 96-லிருந்து ஒரு இழை குறையாது. படி எடுக்கும்போது நூல் குறுக்கே போக வேண்டிய தூரமும் மேலே போக வேண்டிய தூரமும் மாறவில்லை, திரும்பும் இடங்கள் மட்டுமே கூடின. வட்டத்துக்கு அருகில் இருப்பது போதாது. வட்டம் போகும் திசையிலேயே போக வேண்டும். சாய்வுப் பட்டை வட்டத்தைத் தொடும் இடத்தில் வட்டத்தின் திசையிலேயே படுத்திருக்கிறது. படிக்குத் திசை இரண்டே இரண்டு, கிடை அல்லது நிலை. பல கணிதப் புத்தகங்கள் இதை ஒரு புதிராகப் போட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடும். வாச்சி பிடித்தவருக்கு இதில் புதிரே இல்லை: படி வெட்டிய தூணைத் தடவினால் கை கிழியும்.

படியிலிருந்து தொடங்கியே தீர வேண்டிய வேலைகளும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துச் சிற்பி பிரென்ட் காலின்ஸ் மரத்தில் செதுக்குவன குதிரைச் சேணம்போல ஒரு பக்கம் குழிந்தும் மறு பக்கம் எழும்பியும் சுழலும் வடிவங்கள். 1990-களில் பெர்க்லி பல்கலைக்கழகத்துக் கணினிப் பேராசிரியர் கார்லோ செகின் அவரோடு சேர்ந்தார். வடிவத்தைக் கணினியில் அமைத்து, பலகையின் தடிமன் அளவுக்கு ஒவ்வோர் அடுக்கின் வெட்டுமுகத்தையும் வரைந்து கொடுப்பார் செகின். காலின்ஸ் அதன்படி பலகைகளை அறுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டுவார். அப்போது கிடைப்பது ஒரு படிக்கட்டுச் சிற்பம்தான். பிறகு உளியும் அரமும் கொண்டு படிகளைக் கரைத்துப் பரப்பை வழவழப்பாக்குவது அவர் கை. கணினி மரத்தின் கன அளவைச் சொல்லிவிடுகிறது. திசையைக் கை கொடுக்கிறது.

மகேந்திரவாடியும் கம்மசந்திராவும்

கோலார் தங்க வயலுக்கு வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்களில் பெரும்பகுதி பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தவை. அந்த மாவட்டத்தில், அரக்கோணம் பக்கம் மகேந்திரவாடியில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒற்றைப் பாறையில் குடைவித்த திருமால் கோயில் இருக்கிறது. அதன் தூண்கள் அடியில் சதுரம், தலையில் சதுரம், இடையில் எட்டுப்பட்டை. இடைப்பகுதியைக் கட்டு என்பார்கள்.

கல்லில் இது எதற்கு? குடைவரையில் தூண் தாங்குவது கண்ணுக்கு மட்டும்தான். அதுவும் பாறை, மேலேயும் பாறை. சதுரமாகவே விட்டிருந்தாலும் எதுவும் விழாது. மரத் தூணில் இடுப்பு முனையைக் கழிப்பதற்குக் காரணம் உண்டு. ஆள் உரசும் இடத்தில் முனை சிதறும், சிலாம்பு ஏறும். தலையையும் அடியையும் சதுரமாக விடுவதற்கும் காரணம் உண்டு. உத்தரமும் பீடமும் உட்கார நேரான தளம் வேண்டும். அதே மகேந்திரன் விழுப்புரம் பக்கத்து மண்டகப்பட்டுக் கல்வெட்டில், செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான். மரத்தை விட்டுவிட்டேன் என்கிறான்; மரத்தச்சனின் எட்டுப்பட்டையை விடவில்லை.

மாரிகுப்பத்திலிருந்து சில கிலோமீட்டரில் கம்மசந்திரா. கோடிலிங்கேஸ்வரர் கோயிலில் 108 அடி உயர லிங்கத்தையும் அதைச் சுற்றிலும் பல்லாயிரம் சின்ன லிங்கங்களையும் பார்க்கலாம். கண்ணில் படுவதெல்லாம் உருட்டு. ஆனால் ஆகம முறையில் கல்லில் செய்யும் லிங்கத்துக்கு மூன்று பகுதி. தரைக்குள் புதையும் அடிப்பகுதி சதுரம், பிரம்ம பாகம். ஆவுடையாருக்குள் மறைந்திருக்கும் நடுப்பகுதி எட்டுப்பட்டை, விஷ்ணு பாகம். மேலே தெரியும் உருட்டு ருத்ர பாகம். இந்தப் பங்கீட்டுக்குப் பக்தர்களும் தத்துவம் படித்தவர்களும் சொல்லும் விளக்கங்கள் பல, அவை அவரவருக்கு. சிற்பியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது ஒரு கட்டை உருட்டாவதன் மூன்று நிலைகளும் அதன் உடம்பிலேயே அழியாமல் நிற்பது. எட்டைத் தாண்டாமல் வட்டத்துக்குப் போக வழி கிடையாது.

கையில் ஒரு தாள் இருந்தால்

வாச்சி இல்லாதவர்களும் இதைச் செய்து பார்க்கலாம். வழக்கமான ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். நீளத்தையும் 21-க்கு வெட்டிச் சதுரமாக்கிக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் ஸ்கேலின் சுழியத்தை இடது ஓரத்திலும் 24-ஐ வலது ஓரத்திலும் படும்படி சாய்த்து வைத்து, 7-லும் 17-லும் புள்ளி வையுங்கள். சற்று கீழே இன்னொரு முறை வைத்துப் புள்ளிகளை இணைத்தால் மேலிருந்து கீழாக இரண்டு கோடு. தாளைத் திருப்பி மற்ற இரண்டு பக்கத்துக்கும் இதேபோல இரண்டு கோடு. கோடுகள் தாளின் ஓரத்தைத் தொடும் எட்டு இடங்களையும் மூலைக்கு இரண்டாக இணைத்து, நாலு மூலைகளையும் கத்தரித்துவிடுங்கள். எட்டுப் பக்கங்களையும் அளந்தால், தாளின் பழைய ஓரமாக இருந்த நாலும் 8.75 சென்டிமீட்டர், கத்தரித்த நாலும் 8.66 சென்டிமீட்டர் இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கும் அந்த வித்தியாசம்தான் 98-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம்.